மச்சான் டீசல் போடுகிறார், கியர் பாக்ஸுக்கு யார் போடுவது?

கேள்வி: எனக்குப் பாலக்கோடு பக்கம். ஒன்றரை டன் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். மூன்று வருடம் முன்பு பழைய வண்டியாக ஃபைனான்ஸில் எடுத்தது. மாதம் 14,200 ரூபாய் தவணை, இன்னும் 11 பாக்கி. போன வாரம் தக்காளி ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் சேலம் போகும்போது, தருமபுரி தாண்டியதும் கியர் பாக்ஸில் பெரிய சத்தம் கேட்டது. அப்புறம் எந்தக் கியர் போட்டாலும் வண்டி நகரவில்லை. லோடை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்ப 3,500 ரூபாய் ஆனது. பிரித்து வேலை பார்க்க 45,000 ஆகும், பழைய கியர் பாக்ஸ் வாங்கி மாட்டினால் 30,000 என்கிறார் மெக்கானிக். கையில் 8,000தான் இருக்கிறது. தண்டலில் 50,000 கொடுக்க ஆள் இருக்கிறது. ஃபைனான்ஸ்காரர் இதே வண்டி மேல் 2.5 லட்சம் டாப்-அப் (கூடுதல் கடன்) தருகிறேன் என்கிறார். ஷோரூமில், எக்ஸ்சேஞ்ச் கொடுத்துப் புது வண்டி எடுங்கள் என்கிறார்கள். வீட்டில் மனைவியின் நகை நாலு பவுன் உண்டு. மனைவியின் அண்ணன், டாப்-அப்பே வாங்கு, அதில் ஒரு லட்சம் எனக்கு ஹாலோ பிளாக் மெஷினுக்குக் கொடு என்கிறார். அவர் வாரத்தில் இரண்டு நாள் வண்டியை எடுத்துப் போய் நல்லம்பள்ளியிலிருந்து ஓமலூர் பக்கம் கல் இறக்குவார். டீசல் அவரே போட்டுவிடுவார், எங்களுக்கு அதில் செலவு இல்லை. எந்தக் கடன் நல்லது ஐயா?

பதில்: தம்பி, எந்தக் கடன் என்பதற்குப் பதில் சுலபம், பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். 'டீசல் அவரே போட்டுவிடுவார், எங்களுக்கு அதில் செலவு இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நினைப்புதான் உங்களை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறது. இதை அப்படியே வைத்துக்கொண்டு எந்தக் கடன் வாங்கினாலும், இன்னும் இரண்டு வருடத்தில் இதே கடிதத்தை எனக்குத் திரும்ப எழுதுவீர்கள்.

வண்டி ஒரு கிலோமீட்டர் ஓட என்ன ஆகிறது என்று ஒரு நாளாவது எழுதிப் பார்த்ததுண்டா? நான் தோராயமாகப் போடுகிறேன், உங்கள் பில்களை வைத்து நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்தால் டீசல் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் வரும். இது எல்லோர் கண்ணிலும் படுகிற செலவு. டயர் நாலும் 28,000, அது 40,000 கி.மீ. வரும் என்றால் 70 பைசா. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் 8,000 என்றால் 80 பைசா. பிரேக், ஸ்பிரிங் பட்டை, கிளட்ச் வேலைகளுக்கு ஒரு ரூபாய். இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி வகையில் வருடம் 35,000 போய், வண்டியும் 35,000 கி.மீ. ஓடுகிறது என்றால் ஒரு ரூபாய். எஞ்சின், கியர் பாக்ஸ் மாதிரிப் பெரிய வேலை லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு லட்சம் என்று வையுங்கள், அது ஒரு ரூபாய். வண்டி விலை இறங்குவது இரண்டு ரூபாய். கூட்டினால் டீசலைத் தவிர்த்து ஆறரை ரூபாய்.

மச்சான் நாளுக்கு 80 கி.மீ., வருடத்தில் 100 நாள் ஓட்டுகிறார் என்றால் 8,000 கி.மீ. ஆறரை ரூபாயால் பெருக்கினால் 52,000. மெக்கானிக் கேட்கிற பணத்தை விட அதிகம்! வருடா வருடம் ஒரு கியர் பாக்ஸ் காசை மச்சானுக்குக் கொடுத்துவிட்டு, செலவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த 100 நாளில் உங்களுக்குப் போன வாடகையை இதில் சேர்க்கவே இல்லை. டீசல், ஆள் கூலி போக ஒரு நாளைக்கு 1,250 நின்றிருந்தாலும் அது தனியாக 1.25 லட்சம்.

இதுவும் வண்டி ஒழுங்காக ஓடினால் வருகிற கணக்குதான். ஆறு இஞ்ச் ஹாலோ பிளாக் ஒன்று குறைந்தது 15 கிலோ என்று வையுங்கள். 100 கல் ஏற்றினாலே ஒன்றரை டன் ஆகிவிடும். அவர் எத்தனை ஏற்றுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு நடையில் வேலையை முடிக்க நினைக்கிற எவரும் 150 ஏற்றாமல் விடமாட்டார்கள், அது 2,250 கிலோ. கல் லோடு பார்வைக்குப் பாதித் தொட்டிதான் தெரியும், வலி முழுக்கக் கியர் பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் போகும். வழியில் எடை போட்டுப் பிடித்தால், மோட்டார் வாகனச் சட்டம் 194ஆவது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000. ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கிறது தம்பி.

இன்னொன்றும் விசாரியுங்கள். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அவர் நியூட்ரலில் இறக்குகிறாரா? டீசலுக்கு மட்டும் காசு கொடுப்பவர் டீசலை மட்டும்தான் மிச்சம் பிடிப்பார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவருக்குத் தெரிகிற செலவு அது ஒன்றுதான். நியூட்ரலில் இறக்கும்போது சக்கரம் பக்கமுள்ள ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும், ஆயிலை அள்ளித் தெளிக்க வேண்டிய ஷாஃப்டோ எஞ்சின் ஐடிலில் இருப்பதால் மெதுவாகச் சுற்றும். பேரிங் காய்கிறது. திரும்பக் கியரில் போடும்போது, கியரின் வேகத்தையும் ஷாஃப்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிற சிங்க்ரோ ரிங் தேய்கிறது. இத்தனைக்கும் டீசல்கூட மிச்சமாவதில்லை. இப்போதைய காமன் ரெயில் டீசல் எஞ்சினில், கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலுக்கு எரிகிறது. அந்தக் கணவாயில் எத்தனை வண்டி பிரேக் பிடிக்காமல் போய் மோதியிருக்கிறது என்று தருமபுரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இது ரிப்பேர் செலவோடு முடிகிற விஷயம் இல்லை.

கடிதத்தோடு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேரிங் கூண்டு உடைந்து குண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. பக்கத்தில் வடித்த ஆயில் தட்டு. அடியில் ஒரு விரற்கடை அளவுதான் ஆயில் இருக்கிறது, அதிலும் பொன்துகள் தூவியது போல ஒரு மினுமினுப்பு. அது சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. ஒரே நாளில் இப்படி ஆகாது. ஆயில் சீல் கசிந்து கசிந்து, பல மாதம் பாதி ஆயிலில் ஓடியிருக்கிறது. கியர் மாற்றும்போது உறுமல் கேட்டிருக்கும். இரண்டு பேர் ஓட்டுகிற வண்டியில் அந்த உறுமலை ஒருவர் மேல் ஒருவர் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வண்டி நின்றது திடீரென்றுதான், ஆனால் பழுது பழையது.

சரி, இப்போது பணம்.

தண்டல் வேண்டாம். 50,000 என்று பெயர், 15% பிடித்துக்கொண்டு 42,500தான் கையில் தருவார்கள். மெக்கானிக் கேட்ட 45,000க்கே அது எட்டாது. நாளுக்கு 500 வீதம் 100 நாள் கட்ட வேண்டும், வண்டி ஷெட்டில் நிற்கிற நாளுக்கும் சேர்த்து. தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருப்பது 21,000 சொச்சம்தான். அதற்கு 100 நாளில் 7,500 வட்டி என்றால் வருடத்துக்கு 120%க்கு மேல் போகிறது. தமிழ்நாட்டில் 2003இல் வந்த அதிக வட்டித் தடைச் சட்டத்தில் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலும் பெயர் சொல்லியே இருக்கிறது.

டாப்-அப் பற்றிக் கேட்கவே எனக்குப் பொறுமை இல்லை. தேவை 45,000, கொடுப்பது 2.5 லட்சம். 18% வட்டியில் 36 மாதம் என்றால் மாதம் 9,000 சொச்சம், மொத்த வட்டி மட்டும் 75,000. மிச்சப் பணம் எங்கே போகும் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஒரு லட்சம் மச்சானின் மெஷினுக்கு. அவர் தொழில் நன்றாக நடந்தால் அவர் பெயரில், அவர் மெஷின் மேல் கடன் கிடைக்கும். உங்கள் வண்டியை அடமானம் வைத்து அவர் மெஷின் வாங்கினால், அவருக்கு ஒரு மாதம் வியாபாரம் படுத்தாலும் வண்டியைத் தூக்க உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

எக்ஸ்சேஞ்ச்? 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28%இலிருந்து 18% ஆனது உண்மைதான், ஷோரூமில் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டிக்குக் கேட்கிற விலையும் இறங்கும், அதுவும் கியர் பாக்ஸ் போன வண்டி. 9 லட்சம் கடன், 60 மாதம், 13% வட்டி என்றால் மாதம் 20,500. நீங்கள் இன்னும் 11 மாதத்தில் தவணையே இல்லாத வண்டிக்குச் சொந்தக்காரர் ஆகப் போகிறவர். இந்த நேரத்திலா ஐந்து வருடத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வது?

நகைக்கடன்தான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கேளுங்கள். நாலு பவுனையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், இன்றைய விலைக்கு 50,000 வாங்க ஒரு பவுனே போதும், மிஞ்சினால் ஒன்றரை. மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றே வையுங்கள். மாதம் 10,000 அசல் கட்டினால் ஐந்து மாதத்தில் மொத்த வட்டி 500, 400, 300, 200, 100 என்று 1,500தான். தண்டலில் இதே 50,000க்கு 7,500. அந்த மாதம் 10,000 எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மச்சான் எடுத்துப் போகிற மாதம் எட்டு நாள், நாளுக்கு 1,250. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

45,000க்கு வேலை பார்ப்பதே மேல். 30,000க்குக் கிடைக்கிற பழைய கியர் பாக்ஸ் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது, எந்த வண்டியில் எவ்வளவு பாரம் தாங்கியது என்பதெல்லாம் விற்பவருக்கே தெரியாது. பிரித்த கியர் பாக்ஸில் உடைந்த ஒரு பேரிங்கை மட்டும் மாற்றாமல் எல்லாப் பேரிங்கும், முன்பின் ஆயில் சீலும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுங்கள். தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிட்டால் இறக்கி ஏற்றுகிற கூலி இன்னொரு முறை ஆகாது. 45,000க்கு மேல் அந்த 5,000 இதற்காகத்தான். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், பில்லும் வாங்குங்கள். இன்சூரன்ஸில் கேட்டு அலைய வேண்டாம். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சாதாரண வாகனப் பாலிசியில் வராது. கையில் உள்ள 8,000ஐ ரிப்பேரில் போடாதீர்கள், அது இந்த மாதத் தவணைக்கு. மிச்சம் 6,200 குறைகிறது அல்லவா, தவணைத் தேதிக்கு முன்பே ஃபைனான்ஸ் கிளைக்கு நேரில் போய் வண்டி நிற்பதைச் சொல்லி, பத்து நாள் தள்ளிக் கட்டச் சம்மதம் கேளுங்கள். சொல்லாமல் விட்டுக் கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் வங்கி ஒரு அபராதம் போடும், அவர்கள் ஒன்று போடுவார்கள்.

கஷ்டமான வேலை மச்சானிடம் பேசுவது. பெண் எடுத்த வீடு, அவர் முகத்தில் அடித்தாற்போல் நீங்கள் சொல்லவும் முடியாது, சொல்லவும் வேண்டாம். வண்டி வேலை முடிந்து வந்ததும் சாவியை அவரிடம் கொடுக்காமல், 'நானே ஓட்டி வருகிறேன் மச்சான், 90 கல்லுக்கு மேல் ஏற்ற வேண்டாம்' என்று சொல்லுங்கள். வாடகை வெளியாருக்கு வாங்குவதில் பாதியாவது வாங்குங்கள், அதற்குக் கீழே போனால் மேலே போட்ட ஆறரை ரூபாய்கூட வராது. வாரம் இரண்டு நாள் அவருக்கு எடுத்து வைக்க வேண்டாம், உங்களுக்கு லோடு இல்லாத நாளில் மட்டும் போங்கள். ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், கல் எண்ணிக்கை, வாடகை என்று நாலு கட்டம் போட்டு, அவர் கண் முன்னாலேயே எழுதுங்கள். முதல் மாதம் முறுக்கிக்கொள்வார்.

நகை உங்கள் மனைவியுடையது. கடனை அவர் பெயரிலேயே வையுங்கள், ரசீதும் அவரிடம் இருக்கட்டும். வைப்பதற்கு முன் இந்த 52,000 கணக்கை அவர் முன்னால் உட்கார்ந்து பேனாவால் போட்டுக் காட்டுங்கள். அண்ணனிடம் நீங்கள் பத்து முறை சொல்லத் தயங்குவதை, கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்த தங்கை ஒரே முறை சொன்னால் அவர் கேட்பார்.