டெங்கு வார்டுல லீக் ஆன பிளாஸ்மா

சார் வணக்கம். அக்கா பையனுக்கு டெங்கு வந்து வேலூர்ல சேத்திருந்தோம், இப்ப தேறி வீட்டுக்கு வந்துட்டான். வார்டுல டாக்டரம்மா "பிளாஸ்மா லீக் ஆகுது, ஷாக்குக்கு போகாம பாத்துக்கணும்"னு சொன்னாங்க. பிளஸ் டூ படிக்கிற என் பையன் பிளாஸ்மான்னா சூரியன்ல இருக்கிற நெருப்பு வாயு, கரண்டு பாயும்ங்கிறான். அக்கா இன்னும் அதையே கேட்டுகினு இருக்கு. ரெண்டும் ஒண்ணா சார்?
- ஒரு வாசகர், குடியாத்தம்

வணக்கம். ஒண்ணு இல்லீங்க. ஆனா டாக்டரம்மா சொன்ன ஷாக்கு லேசுப்பட்டது இல்ல.

ரத்தத்துல செல்லு எல்லாத்தையும் எடுத்துட்டா மிச்சம் நிக்கிற மஞ்சத் தண்ணிதான் பிளாஸ்மா, ரத்தத்துல பாதிக்கு மேல அதுதான். டெங்குல காய்ச்சல் விடற சமயத்துல, நாம அப்பாடான்னு உக்காரும்போதுதான், சின்ன ரத்தக் குழாய்ங்க கசிஞ்சு இந்தத் தண்ணி வயித்துக்குள்ள, நுரையீரலச் சுத்தின்னு போய் சேந்துக்கும், செல்லு உள்ளயே நின்னுடும், ரத்தம் கெட்டியாயிடும். நர்சு திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து பிசிவி, அதாவது ரத்தத்துல சிவப்பு செல்லு எத்தனை சதவீதம்னு, பாக்கிறது இதுக்குத்தான். நம்ம ஜனங்க பிளேட்லெட் எவ்ளோன்னு மட்டும் கேட்டுகினு பப்பாளி இலைய அரைப்பாங்க, ஆனா 40ல இருந்த பிசிவி 48க்கு ஏறுனா டாக்டருக்கு அங்கதான் பகீர்னு இருக்கும். குழாய்ல தண்ணி கொறஞ்சு, பிரஷர் எறங்கி, உறுப்புங்களுக்கு ரத்தம் பத்தாம போறதுதான் ஷாக். கரண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

பையன் சொன்னதும் சரிதான். வாயுவ பயங்கரமா சூடாக்கினாலோ மின்சாரம் பாய்ச்சினாலோ அணுவுல இருந்து எலக்ட்ரான் பிச்சுகினு வந்துடும், எலக்ட்ரான் போன அணுவுக்கு அயனின்னு பேரு, ரெண்டும் சேந்த அந்தக் கலவைக்கும் பிளாஸ்மான்னு அதே பேரு. நம்ம காவலூர் டெலஸ்கோப்புல தெரியற நட்சத்திரம் எல்லாம் அதுதான். எரியற பழைய டியூப்லைட்டுக்குள்ள (எல்இடி இல்ல) இருக்கிறதும் அதுதான், தொட்டா கை வேகுதா என்ன? அதனால பிளாஸ்மான்னாலே நெருப்புன்னு நெனைக்க வேணாம்னு பையன்கிட்ட சொல்லுங்க.

இந்தப் பேர பிசிக்ஸுக்கு கொண்டாந்தது இர்விங் லாங்மூர்னு ஒரு அமெரிக்கர், 1928ல. ரத்த பிளாஸ்மா செல்லுங்கள தூக்கிகினு போற மாதிரி இது எலக்ட்ரானையும் அயனியையும் தூக்கிகினு போகுதுன்னு அவருக்கு தோணுச்சாம், கூட வேலை செஞ்சவர் பின்னாடி எழுதினது. எனக்கு இது ஒட்டவே இல்ல. ரத்தத்துல செல்ல எடுத்தாலும் பிளாஸ்மா அப்படியே நிக்கும், அங்க எலக்ட்ரானையும் அயனியையும் எடுத்துட்டா பிளாஸ்மான்னு சொல்ல என்னங்க இருக்கு? தூக்கிகினு போக தனியா ஒரு தண்ணி இருந்தாத்தானே! மனுஷன் பெரிய ஆளு, அதுல சந்தேகமில்ல, 1932ல நோபல் வாங்கினவரு. ஆனா அது மேற்பரப்பு வேதியியலுக்கு குடுத்தது, பேரு வெச்சதுக்கு இல்ல.