பழைய டெக்கை இடிக்கும் முன்

கேள்வி: நியூ ஜெர்சியில் வீடு வாங்கியிருக்கிறோம். பின்பக்க மர டெக் உளுத்துப்போய்விட்டது. அதே அளவில் புதிதாகக் கட்டினால் பெர்மிட் தேவையில்லை, சனிக்கிழமையே இடித்துவிடலாம் என்கிறார் காண்ட்ராக்டர். சர்வேயில் டெக் பின் எல்லையிலிருந்து 18 அடியில் இருக்கிறது; எங்கள் டவுன்ஷிப் விதிப்படி எல்லையிலிருந்து குறைந்தது 25 அடி தள்ளி இருக்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: முதலில் சனிக்கிழமை வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். அவசரப்பட்டு இடித்தால் உங்களிடம் இருக்கும் ஒரே பிடியும் போய்விடலாம்.

25 அடி விதி வருவதற்கு முன்பே முறையாகக் கட்டிய டெக் என்றால், அதை அப்படியே வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு பகுதி சேதமானால் பழுது பார்க்கவும் மாநில நிலப் பயன்பாட்டுச் சட்டம் விடுகிறது. மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாக எழுப்புவது பழுது பார்ப்பதில் சேராது. நியூ ஜெர்சியின் சீசைட் பார்க் ஊரில் விதிக்குப் பொருந்தாத பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கப் பெர்மிட் வாங்கியவர், வீட்டின் பெரும்பகுதியை இடித்துவிட்டார். பெர்மிட் கையில் இருந்தும் பழைய உரிமை போய்விட்டது என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதனால் டவுன்ஷிப்பில் பழைய டெக்கின் பெர்மிட் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைத்தால், எவ்வளவு மரத்தை மாற்றினால் பழுது என்று ஒப்புக்கொள்வார்கள் என்பதைச் சோனிங் (எங்கே எதைக் கட்டலாம் என்ற ஊர் விதிகள்) ஆபீஸரிடம் எழுத்தில் கேளுங்கள்.

முழுதாகக் கட்டத்தான் வேண்டும் என்றால் வேரியன்ஸ், அதாவது விதியிலிருந்து விலக்கு, கேட்டு ஊரின் சோனிங் போர்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "முன்பே இங்கே டெக் இருந்தது" என்பது மட்டும் போர்டிடம் எடுபடாது. மனை குறுகலாகவோ ஆழம் குறைவாகவோ சரிவாகவோ இருப்பதால் விதியைப் பின்பற்ற முடியவில்லை என்று காட்ட வேண்டும். அல்லது இதனால் வரும் நன்மை கெடுதலைவிடக் கணிசமாக அதிகம் என்று காட்ட வேண்டும். எந்த வழியில் போனாலும், அக்கம்பக்கத்துக்கும் ஊரின் சோனிங் திட்டத்துக்கும் பெரிய பாதிப்பில்லை என்பதையும் நிறுவ வேண்டும். விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பாக, 200 அடிக்குள் மனை வைத்திருப்பவர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும். அதற்கு முன் பின்வீட்டுக்காரரிடம் வரைபடத்தோடு நேரில் போய்ப் பேசிவிடுங்கள். விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்றபின் முடிவு சொல்ல போர்டுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு.

என்னைக் கேட்டால், டெக்கை 7 அடி குறைத்து, மிச்ச இடத்தில் தரையோடு ஒரு பேவர் பேட்டியோ (கல் பாவிய திறந்த தளம்) போட முடியுமா என்று முதலில் பாருங்கள். பல ஊர்களில் பேட்டியோவுக்கு செட்பேக் விதி (எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி) தளர்வுதான். ஆனால் மனையில் மூடப்படும் பரப்பின் உச்சவரம்பில் அதையும் சேர்ப்பார்கள், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சோனிங் முடிந்தாலும் கட்டுமான பெர்மிட் தனி. அது வெறும் காகித வேலை இல்லை. டெக்கின் அடியில் டார்ச் அடித்து, வீட்டுச் சுவரை ஒட்டிய லெட்ஜர் பலகையைப் பாருங்கள். வெறும் ஆணிதான் தெரிகிறது என்றால் அந்த டெக்கில் கூட்டம் சேர்க்காதீர்கள். சுவரை விட்டு டெக் பிய்ந்து விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். புதியதில் போல்ட்டோ லேக் ஸ்க்ரூவோ இருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே ஃப்ளாஷிங் தகடும் வேண்டும். தூண் குழி தோண்டும் முன், நிலத்தடியில் போகும் குழாய், கேபிள்களை அடையாளம் காட்டச் சொல்லி 811க்கு அழையுங்கள். கான்கிரீட் ஊற்றும் முன் இன்ஸ்பெக்டர் குழியைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம், கடைசித் தவணைப் பணம் இறுதி இன்ஸ்பெக்ஷன் பாஸான பிறகுதான் என்று காண்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.