மீல் மேக்கர் ப்ராஸ்டேட்டுக்கு ஆகாதா?

அப்பாவுக்கு ப்ராஸ்டேட் வீக்கம், மீல் மேக்கர் குடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா குடுங்க. மீல் மேக்கர் சோயாவுல செய்றது, சோயாவுல இருக்குற ஐசோஃப்ளேவோன்ங்கிற பொருள் ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் சாயல்ல இருக்கும், அதனாலதான் ஆம்பளைங்களுக்கு ஆகாதுன்னு பயமுறுத்துறாங்க, ஆனா சாப்பாட்டு அளவுல அது டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோனைக் குறைக்கிறதில்லைன்னு ஆய்வுகள் காட்டுது. அதுக்காக சோயா பவுடர் டப்பாவ மருந்துன்னு நம்பி வாங்கிடாதீங்க. ப்ராஸ்டேட் கேன்சருக்கு ஆபரேஷன் ஆன 177 பேர வச்சு அமெரிக்காவுல 2 வருஷம் பாத்தாங்க, தினமும் 20 கிராம் சோயா புரோட்டீன் குடிச்சவங்களுக்கும் குடிக்காதவங்களுக்கும் கேன்சர் திரும்பி வர்றதுல வித்தியாசமே இல்ல, 2013ல ரிசல்ட் வந்துச்சு.

எங்க வீட்ல வெந்நீர்ல ஊறவச்சு நுரை போற வரைக்கும் பிழிஞ்சுதான் குருமால போடுவோம், வாரம் ரெண்டு நாள். அப்பா ராத்திரி நாலஞ்சு தடவ யூரினுக்கு எழுந்தா சாப்பாட்ட மாத்திப் பாத்துட்டு இருக்காதீங்க, யூராலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போங்க ப்ளீஸ்.