தேய்மானம் என்றொரு சொல்

வணக்கம்.

திருப்பூரில் சிறியதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். என் அம்மாவுக்கு 62 வயது. இரண்டு ஆண்டுகளாக வலது முழங்காலில் வலி. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் ‘தேய்மானம்’ என்றார். பிசியோதெரபிஸ்ட் ஒரு தாளில் ஆறு பயிற்சிகளை எழுதிக் கொடுத்தார். அம்மா ஒரு வாரம் செய்துவிட்டு, வலி கூடுகிறது என்று நிறுத்திவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. அவர் அறையை மாடியிலிருந்து கீழே மாற்றினேன். கடைக்குப் போக வேண்டாம் என்றேன். சமையலுக்கு ஆள் வைத்தேன். இப்போது சர்க்கரையும் எல்லையைத் தொட்டு நிற்கிறது என்கிறார்கள்.

மூட்டுவலிக்கு உடற்பயிற்சியே முதல் மருந்து என்று படித்தேன். டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வில் உடற்பயிற்சியும் உப்புநீர் ஊசியும் ஒரே பலனைத் தந்தன என்றும் படித்தேன். எதை நம்புவது? தேய்ந்த மூட்டை மேலும் தேய்க்கலாமா? நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்பது உண்மையா? எண்ணெய் தேய்த்தால் பயனுண்டா?

செ., திருப்பூர்

அன்புள்ள செ.,

உங்கள் கடிதத்தில் ‘தேய்மானம்’ என்ற சொல் வந்த இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. சில மாதங்களாக அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதற்குள் போகும் முன் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். பத்தாயிரம் அடி என்பது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து உலகெங்கும் பரவிய எண். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். எண்ணெய் தேய்த்தால் அம்மாவுக்கு இதமாக இருக்கிறது என்றால் தேய்த்துவிடுங்கள். இதையெல்லாம் என்னிடம் கேட்பானேன்?

டென்மார்க் ஆய்வைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். முழங்கால் மூட்டுத் தேய்வு உள்ள 206 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் பயிற்சியும் விளக்க வகுப்பும் கொடுத்தார்கள். மற்ற பிரிவுக்கு, இது வெறும் உப்புநீர்தான் என்று சொல்லிவிட்டே, மூட்டில் நான்கு ஊசிகள் போட்டார்கள். வலி இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. உடற்பயிற்சியை ஒரு மதம்போலப் பரப்புகிறவர்கள் இந்த ஆய்வைப் பேசாமல் தாண்டிவிடுவார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் மருத்துவமனைப் படியேறுகிறார்கள், உச்சத்தில் இருப்பது எப்படியும் கொஞ்சம் இறங்கும். ஒருவர் காலைத் தொட்டுப் பார்த்து, நின்று விசாரித்து, அடுத்த வாரமும் வரச் சொன்னால் இன்னும் கொஞ்சம் இறங்கும். நாள்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சி பற்றி நடந்த 249 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினர் 2021இல் தொகுத்தபோது, சிகிச்சை இல்லாதவர்கள், வழக்கமான சிகிச்சையோ போலிச் சிகிச்சையோ பெற்றவர்கள் ஆகியோரோடு ஒப்பிட்டால் நூற்றுக்குச் சுமார் 15 புள்ளி அளவுக்கு வலி குறைந்திருந்தது. அற்புதம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை, அற்பம் என்று தள்ளவும் முடியாது.

ஆனால் உப்புநீர் ஊசி முழங்காலைத் தாண்டி வேறெங்கும் போகாது, நடை போகும். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, உங்கள் அம்மாவைப் போலச் சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரைப் பற்றியது. நடையையும் உணவையும் திருத்திக்கொண்டவர்களிடம் நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் 26.4 விழுக்காடு. அந்த வாசலில் நிற்பவரைத்தான் நீங்கள் கடைக்குப் போக வேண்டாம் என்று உட்காரவைத்திருக்கிறீர்கள்.

இனி என் வழக்கு. ஆண்டு முடிவில் உங்கள் கணக்கர் நிட்டிங் இயந்திரத்தின் பெயரில் ஒரு தொகையைக் கழிக்கிறாரே, அதற்குத் தேய்மானம் என்று பெயர். ஓடினால் தேயும், நிறுத்தி வைத்தால் மிஞ்சும் என்பது இரும்புக்கு ஒத்துவரும். முழங்காலில் எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கோ இரத்தக்குழாய் கிடையாது. நாம் காலை ஊன்றும்போது அது அமுங்கி, எடுக்கும்போது விரிந்து, அந்த அமுக்கத்திலும் விரிவிலும்தான் மூட்டுத் திரவத்திலிருந்து தனக்கு வேண்டிய சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அசையாமல் வைத்திருக்கும் மூட்டு பட்டினி கிடக்கிறது. மூட்டைத் தாங்கும் தொடைத் தசையோ சில வாரங்களிலேயே இளைக்கத் தொடங்கிவிடுகிறது. தேய்மானம் என்ற சொல்லில் இவை எதற்கும் இடமில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட நொடியில் நம் மக்களின் மனத்தில் எழுவது அடி தேய்ந்த செருப்பின் படம் மட்டுமே. செருப்பைப் பத்திரப்படுத்த ஒரே வழி அதைப் போடாமல் இருப்பது. உங்கள் அம்மாவை நீங்கள் பத்திரப்படுத்தியது அப்படித்தான்.

எக்ஸ்ரே, ஸ்கேன் படத்தில் தெரியும் தேய்வுக்கும் படும் வலிக்கும் நாம் நினைக்கும் அளவுக்கு உறவும் இல்லை. முதுகில் எந்த வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்தார்கள்: இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டுகளில் தேய்வு இருந்தது. தலை நரைத்தவரிடம் போய் ‘உங்கள் முடி நோயுற்றிருக்கிறது’ என்று எவரும் சொல்வதில்லை, ஆனால் முதுகை மட்டும் அப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறோம்.

என் அத்தையிடம் 1991இல் ஒரு மருத்துவர் அப்படித்தான் சொன்னார். ‘இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் ஓய்வாக இருங்கள்’ என்ற ஒற்றை வாக்கியம். அத்தைக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கொல்லைக் கிணற்றில் தானே நீர் இறைத்து, விடியுமுன் வாசலில் குந்தி உட்கார்ந்து புள்ளிக்கோலம் போடுகிறவர். அன்றோடு குந்துவது நின்றது, கோலமாவு டப்பா பரண் ஏறியது, கூடத்தில் ஒரு கட்டில் வந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர்மேல் அவ்வளவு அன்பு. குடிக்கத் தண்ணீர்கூட எழுந்துபோய் எடுக்க விடமாட்டோம். இரண்டாம் ஆண்டு நான் ஊருக்குப் போனபோது, கூடத்திலிருந்து திண்ணைக்கு வர அவர் நிலைப்படியின் இரு பக்கமும் கையூன்றி, ஒரு காலை வெளியே வைத்துவிட்டு, அடுத்த காலைத் தூக்க நெடுநேரம் காத்திருந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். ‘நீ பிடிக்காம இருந்தா வந்திருப்பேன்டா’ என்றார். அன்று அதைக் கோபமென்று நினைத்தேன்.

அத்தைக்கு ஓய்வு சொல்லப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1986இல், முதுகுவலியோடு வந்த 203 பேரில் ஒரு சாராருக்கு இரண்டு நாள் படுக்கையும் மறு சாராருக்கு ஏழு நாளும் சொல்லிப் பார்த்த அமெரிக்க ஆய்வு வெளிவந்திருந்தது. இரண்டு நாள் சொல்லப்பட்டவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 விழுக்காடு குறைவு. மற்றபடி இரு சாராருக்கும் வேறுபாடே இல்லை. அந்தச் செய்தி எங்கள் கூடத்துக் கட்டில்வரை வந்து சேரவே இல்லை. அந்த மருத்துவரை நான் குறை சொல்லப் போவதில்லை, அவர் தான் படித்ததைச் சொன்னார். கட்டிலை வாங்கிப் போட்டவர்கள் நாங்கள்.

உடற்பயிற்சி எல்லா நோய்க்கும் மருந்து என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சிறு உழைப்புக்கே நாட்கணக்கில் படுக்கவைக்கும் நாள்பட்ட களைப்பு நோய்க்கு, படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைப் பரிந்துரைத்துவந்த பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பே 2021இல் அதை விலக்கிக்கொண்டது. முழங்கால் சிவந்து வீங்கிச் சுட்டாலோ காய்ச்சல் இருந்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இனி உங்களைத் திட்டவேண்டிய பகுதி. ஆறு பயிற்சிகள் எழுதிய தாளை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டீர்கள். டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய முழங்கால், இடுப்பு மூட்டுத் திட்டத்தில் பன்னிரண்டு முறை ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறார். உங்கள் அம்மாவின் பக்கத்தில் ஒருமுறையாவது யாரேனும் நின்றார்களா? வலி கூடியது என்று அவர் சொன்னபோது, எவ்வளவு கூடியது, மறுநாள் காலையில் பழைய அளவுக்கு இறங்கியதா என்று கேட்டீர்களா? பொறுக்கும் அளவு வலியோடு செய்து, மறுநாளைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பினால் தொடரலாம். திரும்பாவிட்டால் நிறுத்த வேண்டியதில்லை, எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். இதை அந்தத் தாளில் எழுதாமல் விட்டது பிசியோதெரபிஸ்டின் பிழையாக இருக்கலாம். போன் போட்டுக் கேட்காதது உங்கள் பிழை.

சமையலுக்கு வந்த ஆளை நிறுத்தச் சொல்லவில்லை; காய்கறி வாங்குவதை மட்டும் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கைப்பிடி இல்லாத இரண்டு மர நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, அவர் ஒன்றிலும் நீங்கள் ஒன்றிலும் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். முதல் நாள் ஐந்து முறை போதும். போன மாதம் ஒரு பிசியோதெரபிஸ்ட் என்னைச் செய்யச் சொன்னபோது நான்காவது முறையிலேயே என் கை தானாக மேசையைத் தேடியது. உங்கள் கை எத்தனையாவது முறையில் தேடியது என்று எழுதுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.