ஹெட்டைக் கழற்றும் முன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னுடையது காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் வண்டி. சில நாட்களாகக் கிக்கரை உதைத்தால் காலுக்கு எதிர்ப்பே தெரிவதில்லை. ஏற்றத்தில் இழுவையும் இல்லை. சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஸ்பேனர் செட்டும் வண்டியின் சர்வீஸ் மேனுவலும் இருக்கின்றன. “என்ஜினைத் திறப்பது வீட்டில் செய்கிற வேலை இல்லை” என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். நான் இறங்கலாமா? வால்வுகளைத் திறக்கும் கேமைச் சுற்றவைக்கும் டைமிங் செயினை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

தாராளமாக இறங்கலாம். மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவசரமில்லாமல் செய்கிறவருக்கு இது கைக்கு அடங்கிய வேலைதான். ஆனால் இன்றைக்கே ஸ்பேனரை எடுக்காதீர்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் வாயுவின் அழுத்தம், குறைந்திருக்கிறது என்பது மட்டும்தான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அது எந்த வழியாகப் போகிறது என்று சொல்லும் தடயங்கள் மூடியிருக்கும் என்ஜினில்தான் இருக்கின்றன. ஹெட் மேலே வந்துவிட்டால் அவற்றில் பல அழிந்துவிடும். என் கவலையெல்லாம் அதுதான்.

முதலில் என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள வால்வு இடைவெளியை, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் பாருங்கள். என்ஜினை எந்த நிலையில் நிறுத்துவது என்பதைக் கீழே ‘டி’ குறியோடு சொல்கிறேன். இடைவெளி இல்லாமல் இறுகிப்போன வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் அந்த வழியாகவே போய்விடும். அதைச் சரிசெய்தாலே வேலை முடிந்துவிடவும் கூடும். அதில் சரியாகவில்லையென்றால் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்து உதைத்து, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக் துளை வழியாக ஒரு சிறு கரண்டி என்ஜின் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஹெட்டை மட்டும் கழற்றிப் பயனில்லை. ஏறவில்லையென்றால் வால்வு, அல்லது ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்.

இப்போது நீங்கள் பயப்படும் செயினுக்கு வருகிறேன். செயின் ஒரு பல் தாண்டியிருந்தாலும் கம்ப்ரஷன் குறையலாம். கழற்றிய பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே பிளக்கை எடுத்துவிட்டு, என்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் கையால் சுற்றி, கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் மேக்னெட்டில் உள்ள ‘டி’ குறியை அதன் அடையாளத்துக்கு நேரே கொண்டுவாருங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும் என்பதால் இந்தக் குறி இருமுறை வரும். கம்ப்ரஷன் முடிவில் வருவதுதான் நமக்கு வேண்டியது. அப்போது இரண்டு ராக்கர்களும் விரலுக்கு லேசாக ஆடும். ஆடவில்லையென்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று. இந்த நிலையில் கேம் பல்சக்கரத்தின் குறி மேனுவல் படத்தில் உள்ளபடி நிற்கிறதா என்று பார்த்து, ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். குறி விலகியிருந்தால் உங்கள் நோய் இங்கேயே தெரிந்துவிட்டது.

பல்சக்கரத்தைத் தொடுவதற்கு முன், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைக் கழற்றிவிடுங்கள். பல வண்டிகளில் அதன் உள்தண்டு வெளியே மட்டும்தான் நகரும், தானாகத் திரும்பாது. அது இருக்கும்போதே செயினைத் தளர்த்தினால் தண்டு முழுதாகப் பாய்ந்துவிடும். திரும்ப மாட்டும்போது செயின் ஏறாது. ஏறினாலும் அளவுக்கு மீறி இறுகும். மாட்டும்போது தண்டை உள்ளே தள்ளிவிட்டே மாட்ட வேண்டும்.

பல்சக்கரம் வந்ததும் செயினை ஒரு கம்பியால் கட்டி ஃபிரேமில் தொங்கவிடுங்கள். செயின் இறங்கும் பள்ளத்தைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அதற்குள் ஒரு போல்ட் விழுந்தால் பக்கத்து மூடியைத் திறக்க வேண்டியதாகிவிடும். அதன் பிறகு கிராங்கைச் சுற்றவே வேண்டாம்.

நட்டுகளைத் தளர்த்துவதில் பொறுமைதான் முக்கியம். பெரும்பாலும் செயின் பக்கத்துச் சிறிய போல்டுகள் முதலில், பெரிய நட்டுகள் பிறகு. எதிரெதிர் மூலையாக, கால் கால் சுற்றாக. சூட்டிலோ ஒரே பக்கமாகவோ தளர்த்தினால் அலுமினிய ஹெட் வளைந்துபோகும். ஒரு அட்டையில் ஹெட்டை வரைந்து, ஒவ்வொரு நட்டையும் வாஷரையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். சில வண்டிகளில் ஆயில் ஏறும் ஸ்டட்டுக்கு (நட்டு மாட்டும் திருகுத் தண்டுக்கு) மட்டும் செம்பு வாஷர் இருக்கும். இடம் மாறினால் கசியும்.

ஹெட் ஒட்டிக்கொண்டு வராது. அந்த நேரத்தில் ஸ்குரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த முகத்தில் விழும் கீறல் புது கேஸ்கெட்டையும் தோற்கடிக்கும். மேனுவலில் நெம்புவதற்கென்று ஓர் இடம் காட்டியிருந்தால் தவிர, ரப்பர் சுத்தியலால் கெட்டியான பாகத்தில் சுற்றிச் சுற்றித் தட்டுவதுதான் வழி. காற்றுக்கான இறகுகளில் தட்டினால் உடைந்துவிடும். ஹெட்டோடு சிலிண்டரும் எழும்பாமல் ஒருவர் கீழே அழுத்திப் பிடிக்கட்டும். எழும்பினால் சிலிண்டருக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டும் போச்சு.

வெளியே வந்ததும் துடைக்க ஓடாதீர்கள். முதலில் கேஸ்கெட்டைப் பாருங்கள். வாயு கசிந்த இடத்தில், துளையிலிருந்து வெளியே ஓடும் கரிய தடம் பெரும்பாலும் தெரியும். பிறகு ஹெட்டைச் சாய்த்து, இன்லெட், எக்ஸாஸ்ட் வழிகளில் தனித்தனியாகக் கெரசின் ஊற்றுங்கள். வால்வு ஓரத்தில் ஈரம் துளிர்த்தால் அந்த வால்வு சரியாக அமரவில்லை. கரியைச் சுரண்ட மரத்துண்டு போதும், இரும்பு வேண்டாம். நேரான அளவுகோலை மூலைவிட்டமாக வைத்து, அடியில் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் மேனுவல் சொல்லும் எல்லையோடு ஒப்பிட வேண்டும்.

நண்பர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. திரும்ப மாட்டுவதற்கு, நட்டுகளை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் முடியாது. உங்கள் பட்டியலில் அது இல்லை. வாங்கவோ இரவல் பெறவோ முடியாவிட்டால் தள்ளிப்போடுங்கள். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது. எல்லாம் மாட்டி, டென்ஷனரும் ஏறிய பிறகு, கிக்கரைத் தொடாமல் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளை மறுபடி பாருங்கள். நடுவில் எங்காவது முட்டி நின்றால் பலம் கொடுக்காதீர்கள். வால்வு பிஸ்டனில் இடிக்கிறது என்று கொள்ளுங்கள். தடையில்லாமல் சுற்றினால் வால்வு இடைவெளியை வைத்துவிட்டு உதைக்கலாம்.

ஆயில் விட்டபோது அளவு ஏறியதா, இல்லையா என்று எழுதுங்கள். ஹெட்டைத் திறக்கத்தான் வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.