போர்வை ஓரம் அலை அலையாக நிற்கிறதா? இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு இஞ்ச் டேப்பை எடுங்கள்

திண்டுக்கல் வாசகி ஒருவரின் கேள்வி: பழைய பருத்திப் புடவைகளை வெட்டி ஒட்டுப்போட்டு, நடுவில் பருத்திப் பஞ்சு அட்டை வைத்து, 60க்கு 90 அங்குலத்தில் கையாலேயே போர்வை தைத்தேன். முதல் முறை துவைத்ததும் நடுப்பகுதி சுருங்கி, ஓரங்கள் அலை அலையாக எழும்பிவிட்டன. இஸ்திரி போட்டும் படியவில்லை. ரோல் பிரஸ்ஸுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ரோல் பிரஸ் புடவை மாதிரி ஒற்றைத் துணிக்கானது. மூன்றடுக்குப் போர்வையை உருளைக்குள் விட்டால் பஞ்சு நசுங்கிவிடும், திரும்ப எழும்பாது. வீடு தேடி வந்து வாங்கிப் போகிறவர்களிடம் இன்னும் கவனம் தேவை. பலர் பிரஸ் செய்பவர்களே அல்ல, கைமாற்றிவிடும் இடைத்தரகர்கள். என் மாணவி ஒருவர் நாலு மாதம் தைத்த போர்வை அப்படிப் போய்த் தகடாகத் திரும்பி வந்தது. கேட்டதற்கு, “துணி பழசும்மா” என்று அவர் மேலேயே பழி.

சரி, உங்கள் போர்வைக்கு வருவோம். புடவைகள் பல வருடம் துவைத்தவை, இனிச் சுருங்காது. சுருங்கியது பஞ்சு. பருத்திப் பஞ்சு முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 90 அங்குலத்தில் அது மூன்று, நாலு அங்குலம். நடுவில் நெருக்கமாகத் தைத்திருப்பீர்கள், அங்கே பஞ்சு துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. பார்டரில் தையல் கம்மி, அதனால் துணி உபரியாக நிற்கிறது. நடுவில் தெரியும் பொடிச் சுருக்கம் குறையே இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

போர்வையின் நடுக்கோட்டில் நீளத்தை அளங்கள். அப்புறம் இரண்டு ஓரத்தையும் அளங்கள். வித்தியாசம் ஒரு அங்குலத்துக்குள் என்றால் தண்ணீரே போதும். நனைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுங்கள். நிழலான தரையில் விரிப்பைப் போட்டு அதன்மேல் பரப்பி, நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் தடவுங்கள். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் ஒரே அளவு வரவேண்டும். ஓரங்களைக் குண்டூசியால் விரிப்போடு குத்தி, முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள். கொடியில் போட்டால் ஈரத்தின் கனமே இழுத்துக் கோணலாக்கிவிடும்.

ஒரு அங்குலத்துக்கு மேல் போனால், பார்டரிலும் நடுவில் உள்ள அதே நெருக்கத்துக்கு ஓட்டுத்தையல் போடுங்கள். உபரித் துணியைத் தையலே உள்வாங்கிக்கொள்ளும். அப்படியும் அலை நின்றால் பார்டரைப் பிரித்து, நடுக்கோட்டு அளவுக்கு வெட்டி மறுபடி தைப்பதுதான் வழி.

ஒட்டுகளில் பட்டு ஒன்று இருந்தாலும் நனைக்கவே கூடாது. பழைய பட்டில், முக்கியமாக அரக்கிலும் சிவப்பிலும், சாயம் இறங்கிப் பக்கத்து ஒட்டில் ஏறிவிடும். ஈர வெள்ளைத் துணியை ஓரத்தில் ஒற்றிப் பார்த்தேன், சாயம் வரவில்லையே என்பார்கள். ஒற்றுவது வேறு, ஒரு நாள் ஈரத்தில் கிடப்பது வேறு. சாயமே இறங்காவிட்டாலும் தண்ணீர் பட்ட தடம் பட்டில் நிற்கும். ஜரிகையும் கறுக்கலாம். பட்டு உள்ள போர்வைக்கு நீராவியை ஒரு சாண் உயரத்தில் காட்டி, கையால் மெல்லத் தட்டிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த போர்வைக்குப் பஞ்சு வாங்கும்போது ஒரு சிட்டிகை கிள்ளிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையும் சாம்பலும் இருக்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும், சூடான இஸ்திரியும் அதற்கு ஆகாது. பத்து ரூபாய் பிஸ்கட்டில் என்ன கலந்திருக்கிறது என்று அச்சடிக்கிறார்கள். பல நூறு ரூபாய் பஞ்சு அட்டையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கேட்டால் “சுத்தக் காட்டன்” என்ற ஒரே பதில். இதை யாரும் தட்டிக்கேட்பதும் இல்லை. ஆகவே கொளுத்திப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.