மோர்தானா அணை கட்லாவுக்கு ஜிபிஎஸ் வைக்க முடியுமா?

மோர்தானா அணை நிரம்பிக் கோடி போகும்போது, அதாவது உபரி நீர் வழியும்போது, கட்லா மீன் கவுண்டன்யா ஆற்றோடு போய்விடுகிறதா என்று ஜிபிஎஸ் வைத்துப் பார்க்கலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். ஜிபிஎஸ் சரிப்படாது, அந்த ரேடியோ அலை தண்ணீருக்குள் இறங்காது. ஒலியோ தண்ணீருக்குள் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். அதனால்தான் ஒலி டேக், அதாவது மீனுக்குள் வைக்கும், ஒலி அனுப்பும் சின்னக் கருவி.

கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மீனை மயக்கி, அடிவயிற்றைச் சின்னதாகக் கீறி, மாத்திரை வடிவ டேக்கை உள்ளே வைத்துத் தையல் போடுவார்கள். அதுவரை செவுள்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் நன்றாகத் தெளிந்த பிறகே விடுவார்கள். இதில் அவசரப்படவே கூடாது. டேக்கின் எடை மீன் எடையில் 2 சதவீதத்துக்குள் இருப்பது பொதுவான வழக்கம். ஒரு கிலோ கட்லா என்றால் 20 கிராம் வரை. விரல் நீளக் குஞ்சுக்கு இந்த அளவு டேக் ஒத்துவராது.

டேக் தன் அடையாள எண்ணை 69 கிலோஹெர்ட்ஸ் போன்ற, நம் காதுக்கு எட்டாத ஒலியில் அனுப்பும். தண்ணீருக்குள் கட்டிய ரிசீவர் அந்த எண்ணையும் நேரத்தையும் பதியும். உங்கள் கேள்விக்கு அணைக்குள் ஒன்று, ஆற்றில் ஒன்று இருந்தால் தொடங்கலாம். ஆனால் கோடி விழும் இடத்திலேயே கட்டாதீர்கள். அந்த இரைச்சலிலும் நுரையிலும் டேக் ஒலி அமுங்கிவிடும். கொஞ்சம் தள்ளி, அமைதியான மடுவாகப் பாருங்கள்.